கோழிக்குழம்புக்கு வந்த பழி

ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் என் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். கழுகுமலையிலிருந்து உள்ளே தள்ளிய கரிசல் கிராமம் எங்களுடையது. மார்கழியிலும் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். நடந்து வருகிறவர்கள் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி அண்ணாந்து குடிப்பார்கள். அந்த மார்கழியில் ஒருத்தி, "இப்பத்தான் குடிச்சேங்க்கா" என்றாள். இன்னொருத்தி சளி பிடித்திருக்கிறது என்றாள். அதற்கடுத்து வந்தவள் சொம்பை வாங்கி வாயருகே கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்தாள். அளவெடுக்கும்போது பார்க்கிறேன், அவள் வறண்ட தொண்டையோடு எச்சிலை விழுங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கையளவைத் தப்பாகக் குறித்துவிட்டேன்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் கொழுந்தனுக்கு நான் மருந்து வைத்துவிட்டேன் என்று ஊருக்குள் பேச்சு. எங்கள் பக்கம் மருந்து வைப்பது என்றால், ஆகாதவர்களுக்குச் சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்து ஆளை உள்ளுக்குள்ளேயே உருக்குவது. அப்படி வைத்த யாரையும் நான் கண்ணால் கண்டதில்லை. வைத்தாள் என்று பேர் வாங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தப் பேர் விழுந்துவிட்டால் அவள் கையால் யாரும் எதையும் வாங்கிச் சாப்பிட மாட்டார்கள். அவள் பிள்ளைகளுக்கும் அந்தப் பேர்தான். எனக்கு ஒரே மகள். அப்போதுதான் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பெரியவளாகி ஒரு வீட்டில் போய் நிற்கிற நாளிலும், 'மருந்து வச்சவ மகளா' என்று யாராவது கேட்பார்கள் என்பதை நினைத்தே இரவுகளில் விழித்துக் கிடந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. அவர்தான் என் கொழுந்தன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கொழுந்தன் எங்கள் குலசாமிக்குச் சாமியாடுகிறவர். அதனால் அந்த வீட்டில் கட்டுப்பாடு அதிகம். பன்றிக்கறி என்ற பேச்சே அங்கே எடுக்கக்கூடாது. அவருடைய மனைவி, என் ஓரகத்தி, சாமிக்குப் பயந்தவள், என்னைவிட இளையவள், என்னளவுக்கு வாய் கிடையாது. புஞ்சைக்கு நடுவில் இருந்த பொழி வரப்பை யார் வெட்டிக் குறைத்தது என்பதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து, ஒரு வருஷம் போல இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஆண்கள் கொஞ்ச நாளிலேயே சோளப்புஞ்சைக்குக் காவலுக்குப் போகிற இடத்தில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேரும்தான் முறைத்துக்கொண்டு திரிந்தோம்.

பிறகு ஒருவழியாகச் சமாதானமாகி, அவர்களை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். எங்கள் வீட்டுக் கோழி ஒன்றை அடித்து, மிளகு மல்லி வறுத்து அம்மியில் அரைத்துக் குழம்பு வைத்தேன். ஓரகத்தி அன்றைக்கு ஒரு சந்தி விரதம், ரசத்தோடு நிறுத்திக்கொண்டாள். கொழுந்தன் மட்டும், "மதினி, உங்க கைப்பக்குவத்த ஒரு வருஷமா காணாமப் போச்சே" என்று மூன்றாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

வயிற்றுப்போக்கு நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் ஆரம்பித்தது. முகம் வீங்கியது. கண்ணைச் சுற்றி அப்படி ஒரு வீக்கம், திறந்து பார்க்கக் கஷ்டப்பட்டார். கை கால் சதையெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலி. கோவில்பட்டியில் டெங்குவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. சிறுநீரகம் பார்த்தார்கள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அங்கே டாக்டர் ஓரகத்தியிடம் கடைசியாக வெளியில் எங்கேயாவது சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கிறார். "எங்கக்கா வீட்டுல கோழிக்குழம்பு சாப்பிட்டாவ. அன்னையிலேருந்துதான்" என்றாளாம் இவள். டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவள் அந்தப் பதிலை பஸ்ஸில் ஊர் வரைக்கும் கொண்டுவந்தாள்.

அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. ஒரு வருஷம் பகையாக இருந்த வீடு. முதல் நாள் சாப்பாடு. மறுநாள் வாந்தி. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பேன். ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. காய்ச்சலோடு அவரை ஆட்டோவில் ஏற்றி, சங்கரன்கோவில் பக்கம் மருந்து எடுக்கிற ஓர் ஆளிடம் கொண்டுபோனாள். அந்த ஆள் வயிற்றில் ஒரு குழலை வைத்து வாயால் உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டியிருக்கிறார். அதில் ஒரு நூல் சுற்றியிருந்ததாம். எங்கள் தெருவில் நூலும் கையுமாக இருக்கிறவள் நான் ஒருத்திதான். அந்த ஆளுக்கு என் தொழில் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஆட்டோவில் போகும்போதே இவள் புலம்பியிருப்பாள், ஆட்டோக்காரர் வாசலில் இறங்கிப் பேசியிருப்பார், அவ்வளவுதான் விஷயம்.

மருந்து எடுத்த பிறகும் அவருக்கு மோசமாகத்தான் ஆயிற்று. நெஞ்சு படபடக்கிறது என்றார். இரண்டு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. சோற்றை மெல்ல முடியவில்லை, தாடை வலிக்கிறது என்று கஞ்சியாகக் குடித்தார். அவரைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போகிற அன்று காலையில், ஓரகத்தி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். கை நிறைய மண்ணை அள்ளி என் வாசற்படியில் தூற்றினாள்.

"எம் புருஷன எடுத்து முழுங்கிட்டு நீ நல்லாருப்பியா. ஒம் மகளும் என்ன மாதிரி தெருவுல நிக்கணும்."

அதுவரை நானும் பதிலுக்குப் பதில் பேசத்தான் வாயைத் திறந்தேன். மகளைச் சொன்னதும் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன். உள்ளே கட்டிலில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, "ஏம்மா, இவ அப்படிச் செய்யுதவ இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலில் கிடந்த மண்ணை நான்தான் கூட்டி அள்ளினேன்.

அப்போதுதான் எனக்கு இந்த மனுஷன் மேல் முதல் சந்தேகம் விழுந்தது. என்னிடம் ஏதாவது கோபமா, அல்லது இவரும் என்னை நம்பவில்லையா என்று யோசித்தேன். பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். மிஷினை மிதித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். முறுக்கு என்றால் உயிரை விடுகிறவர், தட்டில் வைத்த முறுக்கைக் காபியில் ஊறவைத்துத் தின்றார். தொடையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் பயிருக்கு மருந்தடிக்கிற டேங்கைச் சுமந்த வலி என்றார். மருந்தடித்து ஒரு மாதமாகியிருந்தது. காலையில் பார்த்தால் இமை லேசாகத் தடித்திருந்தது. "தூக்கமில்ல" என்றார். பக்கத்தில் படுக்கிற எனக்கு அவர் குறட்டை தெரியாதா. டீக்கடைக்காரர் மேகமூட்டமான நாளில் கறுப்புக்கண்ணாடி போட்டுக்கொண்டு டீ ஆற்றுவதையும் அந்த வாரத்தில்தான் பார்த்தேன். கண்வலி என்றார். எந்தக் கண்வலி முதலில் கன்னத்தை வீங்க வைக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கள் மக்காச்சோளப் புஞ்சைக்குப் போனேன். காட்டுப்பன்றி வராமலிருக்கப் புஞ்சையைச் சுற்றிப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டியிருப்போம். எங்கள் தெருப் பெண்கள் உடுத்திக் கிழித்த சேலைகள், எது யாருடையது என்று எனக்கு அத்துப்படி. வடக்கு மூலையில் ஒரு சேலை இறங்கிக் கிடந்தது. அதன் பக்கத்தில் மண் ஒரு பாய் அகலத்துக்குக் கருகியிருந்தது. அடுப்பெரிக்க அடுக்கி வைத்திருந்த பருத்திமார், காய்ந்த பருத்திச்செடிகள், பாதி காணவில்லை. ஒரு நாய் எதையோ கடித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் போனதும் தூக்கிக்கொண்டு ஓடியது. கருகிய இடத்தில் கட்டை கட்டையாகக் கறுப்பு மயிர் கிடந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், பிரஷ்ஷில் இருக்கிற மாதிரி விறைப்பு.

தழை ஒடிக்காமலே திரும்பி வந்தேன். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். மயிரை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னது?"

"என்னது?"

"நானும் அதத்தான் கேக்கேன்."

கொஞ்ச நேரம் சோற்றைக் கிளறினார். "கோழி அடிச்சதுக்கு முந்தின நாள், விடியக்காலம் நானும் தம்பியும் இன்னுஞ் சில பேரும் காவலுக்குப் போனோம்லா. அன்னைக்குக் கண்ணியில ஒண்ணு விழுந்துகிடந்துச்சு."

"என்ன விழுந்துச்சு?"

"சோளத்தத் திங்க வருமே, அது."

"பேரச் சொல்லுங்க."

"பன்னி. காட்டுப்பன்னி."

ஒரு பேச்சில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, சாமி வீடு. கூறு போட்டுத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கவும் முடியாது, வனத்துறைக்காரர்களுக்குத் தெரிந்தால் கேஸ். அதனால் அங்கேயே சுட்டுத் தின்றுவிடுவது என்பது இவர்களுக்குள் வெகுநாளாக இருக்கிற ஏற்பாடாம். கருவேலங்கட்டையைப் போட்டால் புகை நின்று எரியும், தூரத்திலிருந்தே தெரியும் என்று பருத்திமாரைக் கொளுத்தியிருக்கிறார்கள். பருத்திமார் பொசுக்கென்று பற்றிப் பொசுக்கென்று அடங்கிவிடும். சோறு பொங்குவதற்கே நான் மார் மேல் மாராகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதில் இவர்கள் ஒரு பன்றியைச் சுட்டார்கள். மேலே கரி, உள்ளே பச்சை. "தம்பிதான் உள்கறி மெத்துமெத்துனு இருக்குனு நெறையத் தின்னான். நான் கருகுனத மட்டும் ரெண்டு துண்டு" என்றார்.

"அவ நம்ம வாசல்ல மண்ணத் தூத்தும்போது உங்களுக்கு இது தெரியும்லா?"

"தெரியும்."

"எம் பிள்ளைய அப்படிச் சொன்னாளே. அப்பவும் வாயத் தொறக்கல."

"எல்லாரும் சத்தியம் பண்ணியிருக்கோம், ஏட்டி. தம்பி சாமியாடி. வெளிய தெரிஞ்சா அவன் மறுபடியும் கோயில்ல ஏற முடியுமா?"

எனக்கு அழுகையும் வந்தது, அடிக்கவும் கை வந்தது. அவர்கள் சத்தியத்தைக் காப்பாற்ற என் கோழிக்குழம்பு வசதியாகப் போய்விட்டது. சோற்றுத்தட்டை எடுத்துக் கழுவிப் போட்டேன். "சட்டையப் போடுங்க. திருநவேலிக்குப் போறோம்" என்றேன். வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவரோடு பேசவில்லை. பேசினால் பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசியிருப்பேன்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் ஒருவகை அணுக்கள் ரொம்ப ஏறியிருக்கின்றன, உடம்புக்குள் புழு ஏதோ இருக்கிறது என்கிற வரைக்கும் அவர் வந்துவிட்டார். வேகாத கறி, பன்றிக்கறி ஏதாவது சாப்பிட்டாரா என்று ஓரகத்தியிடம் இரண்டு தடவை கேட்டாராம். அவள் காதைப் பொத்திக்கொண்டு, "எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது, சாமி குத்தமாயிரும்" என்றிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது சத்தியமான பதில். நாங்கள் போனபோது அவள் என்னைக் கண்டதும் கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் அவளை மாத்திரை வாங்கி வரக் கீழே அனுப்பினார். அவள் போனதும் டாக்டரம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டரம்மா திட்டவில்லை. "காட்டுப்பன்னியோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத புழு சுருண்டு கிடக்கும். நல்லா வேகவெச்சா செத்துப்போகும். அரைவேக்காடா சாப்பிட்டா உங்க வயித்துல குஞ்சு பொரிச்சு, ரத்தத்தோட போய் உங்க சதைக்குள்ள குடியேறிடும். முகம் வீங்கினது, மெல்ல முடியாதது எல்லாம் அதனாலதான். இவருக்கு நெஞ்சுச் சதையும் வீங்கியிருக்கு. இன்னும் தள்ளியிருந்தா கஷ்டம்" என்றார். தொடைச் சதையில் துளி எடுத்துப் பரிசோதித்து அதையே உறுதிப்படுத்தினார்கள். என் வீட்டுக்காரரையும் படுக்கவைத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். வேறு யாரெல்லாம் சாப்பிட்டார்கள், எல்லோரும் வந்து காட்ட வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டார். "அஞ்சாறு பேருதான், நான் சொல்லிருதேன்" என்றார் இவர்.

கொழுந்தன் வீங்கிய கண்ணைப் பாதி திறந்து என் கையைப் பிடித்தார். "மதினி, எம் பொண்டாட்டிக்குத் தெரியவேண்டாம். கோயிலுக்குத் தெரிஞ்சா நான் நாண்டுக்கிட்டுச் சாவேன். கொஞ்ச நாள் பொறுங்க, நானே உங்க பேரச் சரிபண்ணுதேன்." உயிருக்குப் போராடுகிற ஆளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது. சரி என்றேன். அவர் பிழைத்து வந்தார்.

மாசியில் குலசாமி கோயில் கொடைவிழாவில் மெலிந்த உடம்போடு சாமி வந்து ஆடினார். ஓரகத்தி எல்லோர் முன்னாலும் கையைக் கூப்பி, "சாமி, எம் புருஷனுக்கு மருந்து வச்சது யாரு, நீ சொல்லு" என்று கேட்டாள். கூட்டத்தில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. சாமி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே என் பேர் மீண்டிருக்கும். "அதக் கேக்காத, நான் பாத்துக்கிடுதேன்" என்று அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டது சாமி. வீட்டு மானத்துக்காகச் சாமியே மறைக்கிறது என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். எனக்குச் சாமி மேலேயே சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஜாக்கெட் துணி கொடுக்க வருகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

சித்திரையில் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். அதே குலசாமி கோயிலில் மொட்டை, கிடாவெட்டு, பந்தி. சொந்தபந்தம் எல்லோரும் வந்திருந்தார்கள், வராவிட்டால் பேச்சாகும். முதல் பந்தியில் ஆண்கள் உட்கார்வதுதான் வழக்கம். ஓரகத்தி கொழுந்தன் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்ததுபோல உட்கார்ந்துகொண்டாள், அவள் முன்னாலும் ஓர் இலை விழுந்தது. என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டோடு முன்னால் போனார். நான் கறிவாளியோடு பின்னால் வந்தேன். கொழுந்தன் இலைக்கு வந்து கரண்டியைத் தூக்கியதும், அவள் தன் உள்ளங்கையை விரித்து இலையை மூடினாள்.

"அவியளுக்கு வேண்டாம்க்கா. வயித்துக்குச் சேராது."

மெதுவாகத்தான் சொன்னாள். பந்தி முழுக்கக் கேட்டது, அதற்காகவே காத்திருந்தவர்கள்போல எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கொழுந்தன் அவள் கையை எடுத்துவிட்டிருக்கலாம். அவருக்குத் தெரியும். வெறும் சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பச்சைப் பன்னிக்கறி சேந்த வயித்துக்கு எங் கிடாக்கறி சேராதோ?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "மருந்து வச்சது யாருன்னு சாமிகிட்டப் போய்க் கேட்டியே. ஒங்க வீட்டுக்காரர்ட்டக் கேளு. சோளப்புஞ்சையில பருத்திமாரப் போட்டுச் சுட்டு, வேகுறதுக்கு முன்ன பிச்சுத் தின்னாவ. புழு அங்கன இருந்து வந்துச்சு. திருநவேலி டாக்டரம்மாவுக்குத் தெரியும், எங்க வீட்டு ஆளுக்கும் தெரியும். ஒனக்குத்தான் தெரியாது, எனக்குத்தான் பழி."

யாராவது ஒருவர் என்னை அடக்குவார் என்று நின்றேன். கோயிலில் வைத்து என்ன பேச்சு பேசுகிறாய் என்பார்கள், என்ன பன்றி, எந்தப் பன்றி என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் தண்ணீர் டம்ளரைத் தேடினார். அவருக்கு அடுத்தவர் குனிந்தார், அதற்கடுத்தவரும் குனிந்தார். அஞ்சாறு பேர் என்று என் வீட்டுக்காரர் சொன்னது அந்த ஒரு பாயிலேயே முடிந்துவிட்டது, எதிர்ப்பாயிலும் தலைகள் குனிந்திருந்தன. பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்திருந்த பூசாரி, பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தார். அடுத்த பந்திக்காக நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் வீட்டு ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிப் பார்த்தார்கள்.

ஓரகத்தி இலையிலிருந்து கையை எடுத்தாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "சாமி வந்து துன்னூறு பூசிவிட்டியளே எனக்கு" என்றாள். பிறகு தன் இலையை என் பக்கமாக நகர்த்தினாள்.

"எனக்கு வைங்கக்கா."

கறியை அள்ளி வைத்தேன், குழம்பு பாயிலும் கொஞ்சம் சிந்தியது. அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணீர் வடிய வடிய மென்றாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, வாளியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அவள் விழுங்கி முடித்து, புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"நல்லா வெந்திருக்குக்கா."